எட்டுக் கழி

"எட்டுன்னா எட்டுதானே, டீச்சர்? நீதானே எம் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்த?"

நாட்டாமை மதலைமுத்து இப்படிக் கேட்டுட்டுச் சிரிச்சப்போ எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தேரையே கவுத்துப் போட்டிருப்பேன். ஆனா இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தத் தேர் மேல எம் புருசன் ஏறப் போறாரு. அதனால பல்லைக் கடிச்சிக்கிட்டு நின்னேன்.

மாதா திருநாள் அன்னிக்கு. எங்க கோயில் கட்டி அம்பது வருசம் ஆச்சுன்னு அந்த வருசம், அறுபத்தாறுல, பெருசாச் செய்யணும்னு முடிவு பண்ணிட்டாங்க. வழக்கமா தேர் மேல ஒரு துணிக்குடை இருக்கும், அவ்வளவுதான். செஞ்சிக் கோட்டையில கல்யாண மகால் உச்சியப் பாத்திருப்பீங்க, நாலு பக்கமும் சரிஞ்சி மேல போயி ஒரே நுனியில முடியும். அந்த மாதிரி கலர்க் காயிதத்துல ஒரு கூம்பு கட்டி, உள்ளார ரெண்டு பெட்ரோமாக்ஸ் தொங்கவிட்டு, தேர் பூரா ஜொலிக்கணும்னு நாட்டாமைக்கு ஆசை வந்துடுச்சி. ஆசையில தப்பு சொல்ல மாட்டேன். கட்டின லட்சணத்தைத்தான் சொல்றேன்.

பெட்ரோமாக்ஸ் தானா எரியாது. அப்பப்ப காத்து அடிக்கணும், அடைச்சிக்கிட்டா பின்னு போட்டுக் குத்தணும். அதுக்கு ஒரு ஆளு கூம்புக்குள்ளாரயே உக்காந்து வரணும். நாலு பக்கமும் காயிதம், தலைக்கு மேல ரெண்டு விளக்கு, சூட்டுல மனுசன் வெந்து போவான். தேருக்குச் சொந்தம் கொண்டாடற ஊர் நாலு தெருவுல ஒரு ஆம்பளையும் முன்னால வரல. எம் புருசன் பால்சாமி கடைத்தெருவுல வாடகை விளக்குக் கடையில வேலை பாத்தாரு. "பால்சாமி, நீ ஏறிக்க"ன்னு நாட்டாமை சொன்னதும் இவரு உடனே சரின்னுட்டாரு.

ஏன் சரின்னாருன்னு எனக்குத் தெரியும். ஊரு ஒதுக்கி வச்ச எங்க காலனி ஆளுங்க அந்தத் தேருக்கு வடம் இழுப்பாங்க. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவாங்க. கரண்ட் கம்பி குறுக்க வந்தா நீட்டுக் கழியால தூக்கிப் புடிப்பாங்க. தேர் மேல மட்டும் ஒருத்தனும் காலு வச்சது கெடையாது. இவருதான் முதல் ஆளு. அந்த வாரம் பூரா அவரு நடையே மாறிப்போச்சு. வெள்ளைச் சட்டையைத் தானே துவைச்சி, தானே நீலம் போட்டு, தானே காய வச்சாரு. நான் பாத்துச் சிரிச்சேன், உள்ளுக்குள்ள பெருமையாவும் இருந்துச்சி.

நான் கோயில் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். காலனியிலேர்ந்து ட்ரெயினிங் முடிச்ச முதல் பொம்பளை. அந்தக் கூம்புக்குப் பாடத்துல பட்டைக்கூம்புன்னு பேரு. ஈர்க்குச்சியும் களிமண் உருண்டையும் வச்சித்தான் பசங்களுக்கு நடத்துவேன். குச்சி விளிம்பு, உருண்டை முனை, மேல ஒட்டுற காயிதம் முகம். அடி சதுரமா இருந்தா குச்சி எட்டு, உருண்டை அஞ்சு, காயிதம் அஞ்சு. பசங்க எப்பவும் காயிதம் நாலுன்னுதான் கத்துங்க. கோட்டையில அண்ணாந்து பாத்தே பழகின பசங்க, அடியில ஒரு முகம் இருக்குதுன்னு அதுங்களுக்குத் தோணாது. தலைகீழாத் திருப்பிக் காட்டினாத்தான் "ஆமா டீச்சர், அஞ்சு"ம்பாங்க.

திருநாள் மத்தியானம் தேர்க்கொட்டாய்ல கூம்பை ஏத்திக் கட்டினாங்க. அவருக்குச் சோறு கொண்டுபோன நான் சும்மா ஒரு பார்வை பாத்தேன். பாத்ததும் சோத்துத் தூக்கைக் கீழ வச்சிட்டு அடியில குனிஞ்சி பாத்தேன்.

நாலு தெருவுக்கும் ஆளுக்கு ஒரு முகம்னு பிரிச்சிக் குடுத்திருந்தாங்க. ஒவ்வொரு தெருவும் அவங்கவங்க எடத்துல வச்சி, ரெண்டு மூங்கில் கழியை மேல சேத்துக் கட்டி, நடுவுல காயிதம் ஒட்டி, கீழ வெள்ளி ஜரிகைத் தொங்கல் விட்டு எடுத்தாந்துட்டாங்க. ரெண்டு முகம் சேர்ற மூலைக்கு ஒரு கழி போதும். ஒரே கழியில இந்தப் பக்கம் ஒருத்தர் காயிதம், அந்தப் பக்கம் இன்னொருத்தர் காயிதம். ஆனா மேலத் தெருக் காயிதத்தை வடக்குத் தெருக் கழியில ஒட்டினா மேலத் தெரு மானம் போயிடுமாம். அதனால ஒவ்வொரு மூலையிலயும் ரெண்டு ரெண்டு கழி, பக்கத்துல பக்கத்துல. ஆக மொத்தம் எட்டு. எட்டும் சாய்வுக் கழி. அடியில சதுரமாக் கட்ட வேண்டிய நாலு கழி? அதை யாருமே கொண்டாரல. அது யாரு தெருவோட முகமும் இல்லையே!

"நாட்டாமை, அடியில கழி இல்ல"ன்னேன்.

அப்பத்தான் அவரு விரல் விட்டு எண்ணிக் காட்டி, அந்த எட்டுக் கணக்கைச் சொல்லிச் சிரிச்சது.

"எட்டு சரிங்க. ஆனா மேல நாலு, கீழ நாலு இருக்கணும். நீங்க எட்டையும் மேலயே வச்சிருக்கீங்க. உச்சியில ரெண்டு விளக்கு தொங்குது, அதுக்கும் மேல இரும்புச் சிலுவை. அந்தப் பாரம் கீழ அழுத்தினா காலு நாலும் வெளிய அகண்டுக்கும். அகண்டா கூம்பு அப்படியே உள்ள இருக்கிற ஆளு மேல உக்காந்துடும். நெருப்போட உக்காரும்."

"கீழதான் பலகை இருக்குதே."

"பலகை சின்னது, கூம்பு பெருசு. காலு பலகையில நிக்கல. வெளிய நீட்டின சட்டத்து நுனியில ஒரு கயித்துல நிக்குது. வந்து பாருங்க."

அவரு வந்து பாக்கல. "நாலு தெரு, நாலு முகம். அடியில இருக்கிறதை எவன் பாக்கப் போறான்?"

"அஞ்சு முகம் நாட்டாமை. யாரும் பாக்கலன்னாலும் அது முகந்தான். அதுதான் மத்த நாலையும் புடிச்சி வைக்குது. நாலு தெருவுக்கும் வேணாம்னா எங்க ஆளுங்க கழி கொண்டாந்து கட்டட்டும். அரை மணி நேரத்து வேலை."

அந்தப் பேச்சைச் சொன்னதும் அங்க நின்ன எல்லாரும் வேலையை நிறுத்திட்டாங்க. நாட்டாமை சிரிப்பும் நின்னுபோச்சு.

"அப்புறம் அஞ்சாவது முகம் எங்களுதும்பீங்க. அடுத்த வருசம் மண்டகப்படியில பங்கு கேப்பீங்க. காலனிக் கழி தேர்ல ஏறாது டீச்சர். போயி வேலையப் பாரு."

"விளக்குல வேவறதுக்கு ஆளு மட்டும் காலனி ஆளு வேணுமா?"ன்னு கேட்டேன். கேட்டே புட்டேன். அவரு மூஞ்சி செவந்துடுச்சி. வேலை போனாலும் போவட்டும்னு இருந்தது எனக்கு.

பங்குச் சாமியாரு கிட்டப் போனேன். அவரு பாவம், வயசானவரு, நாலு தெருவையும் பகைச்சிக்கிட முடியாத மனுசன். "நான் மதலைமுத்து கிட்டப் பேசிப் பாக்கறேம்மா"ன்னாரு. பேசினாரோ இல்லையோ, கழி ஏறல.

கடேசியா எம் புருசன் கிட்டயே வந்தேன். கொட்டாய்க்குப் பின்னால சோறு துன்னுக்கிட்டு இருந்தாரு.

"யோவ், நீ ஏறாத."

"இன்னா ஒளர்ற?"

எல்லாத்தையும் சொன்னேன். தட்டுல இருந்த முருங்கைக்காயை எடுத்து நாலு துண்டைச் சாய்வா நிறுத்தி, மேல விரலால அழுத்திக் காட்டினேன். நாலு துண்டும் நாலு பக்கமும் வழுக்கிட்டுப் போச்சு. அவருக்குப் புரிஞ்சிது. புரியாத ஆளு இல்ல அவரு. ஆனா தலையைக் குனிஞ்சிக்கிட்டே சொன்னாரு:

"நான் எறங்கிட்டா இன்னா சொல்லுவானுங்க தெரியுமா? காலனிக்காரன் பயந்து ஓடிட்டான்னு சொல்லுவானுங்க. அப்புறம் இந்த ஜென்மத்துல நம்ம ஆளு ஒருத்தனையும் மேல ஏத்த மாட்டானுங்க."

"செத்துப்போனா?"

"சாவ மாட்டேன். புடிச்சிக்கிறேன்."

"எதைப் புடிச்சிப்ப? புடிக்கத்தான்யா அங்க ஒண்ணுமே இல்ல!"

எனக்கு அழுகை வந்துடுச்சி. அழுதா அவரு மனசு மாறும்னு நெனச்சேன். மாறல. எழுந்து கையைக் கழுவிட்டு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டாரு. அந்த நேரத்துல அந்தச் சட்டையைக் கிழிச்சிப் போடணும்னு எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ராஜகிரி மலைக்குப் பின்னால வெயிலு எறங்கினதும் தேர் கெளம்பிச்சி. பொய் சொல்லக்கூடாது, பாக்க அழகாத்தான் இருந்துச்சி. கீழ்த்தட்டுல மாதா சொரூபம், மேல்தட்டுல செவப்பு, பச்சை, மஞ்சள், ஊதான்னு நாலு முகமும் உள்ளேர்ந்து எரியுது. ஜனங்க வாயைப் பொளந்து பாக்குறாங்க. மஞ்சக் காயிதத்துல மட்டும் ஒரு மனுசனோட நெழல் அசையுது. அது எம் புருசன்.

நான் அழகைப் பாக்கல. மேலத் தெருக் கழியும் வடக்குத் தெருக் கழியும் சேர்ற மூலையையே பாத்துக்கிட்டுத் தேர் கூடவே நடந்தேன். எல்லாரும் ஜெபமாலை சொல்றாங்க. நானும் வாயால சொல்றேன், கண்ணு மட்டும் அந்தக் கயித்தை விட்டு நகரல.

கோயில் தெருவுல ஒண்ணும் ஆவல. ஏரிக்கரைச் சரிவுல எறங்கறப்போ சக்கரம் ஒரு கல்லுல ஏறி எறங்கிச்சி. ஒரு குலுக்கு. மூலையில ஒட்டி நின்ன ரெண்டு கழிக்கும் நடுவுல ஒரு விரக்கடை வெளிச்சம் தெரிஞ்சிது. சேசு மரி சூசை! இன்னொரு குலுக்கு. விரக்கடை உள்ளங்கை அகலம் ஆச்சு. சட்டத்து மேல கட்டின கயிறு நுனிப்பக்கம் நகருது.

"நிறுத்துங்க! தேரை நிறுத்துங்க!"

பேண்டு சத்தத்துல யாரு காதுலயும் விழல. நாட்டாமை என்னைத் திரும்பிப் பாத்தாரு, பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நான் கூட்டத்தை இடிச்சிக்கிட்டு முன்னால ஓடினேன். வடத்துக்கு முதல் ஆளா என் கொழுந்தன் யாகப்பன் இழுத்துக்கிட்டு வந்தான்.

"யாகப்பா, வடத்தைக் கீழ போடு! உங்க அண்ணன் சாவப் போறாருடா!"

அவன் ஒரு கேள்வி கேக்கல. வடத்தைப் போட்டான். அவன் போட்டதும் பின்னால இருந்த அத்தினி பேரும் போட்டாங்க. முட்டுக்கட்டைக்காரன் கட்டையைச் சொருகினான். தேர் 'டக்'குனு நின்னுச்சி. நின்ன வேகத்துல அந்த மூலைக் காலு சட்டத்தை விட்டு வெளிய வழுக்கிச்சி. நான் நிறுத்தினதாலதான் சரிஞ்சிதுன்னு நாட்டாமை இன்னிக்கும் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. திரியட்டும். ஓடற தேர்ல சரிஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்னு அவரே யோசிக்கட்டும்.

கூம்பு ஒரு பக்கமாச் சாஞ்சிது. சிலுவை சாஞ்சிது. ஜனங்க "மாதாவே"ன்னு அலறிக்கிட்டுப் பின்னால ஓடினாங்க. கூம்பு விழல. தொங்கலுக்குக் கீழ எட்டிப் பாத்தேன். எம் புருசன் ஒரு கையால அந்த ரெண்டு கழியையும் சேத்து மார்போட அணைச்சிப் புடிச்சிருக்காரு. இன்னொரு கையால, ஆடிக்கிட்டே காயிதத்து மேல மோத வந்த பெட்ரோமாக்ஸைப் புடிச்சிருக்காரு. கைப்பிடியை இல்ல. மேல் மூடியை. கொதிக்கிற இரும்பு அது. கத்தவே இல்ல. உதட்டைக் கடிச்சிக்கிட்டு என்னையே பாக்குறாரு.

அப்ப நாலு தெரு ஆளுங்க ஓடியாந்து தேர்ல ஏறினாங்க. காப்பாத்தத்தான் வந்தாங்க, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இன்னா பண்ணாங்க தெரியுமா? மேலத் தெருக்காரன் மேலத் தெருக் கழியைப் புடிச்சான். வடக்குத் தெருக்காரன் வடக்குத் தெருக் கழியைப் புடிச்சான். அவனவன் கழியை அவனவன் பக்கம் இழுத்தான்! ஒண்ணாப் புடிச்சி வச்சிருந்த எம் புருசன் கை பிரிய ஆரம்பிச்சிது.

"உடுங்கய்யா! அடப் பாவிங்களா, பிரிக்காதீங்க! சேத்துப் புடிங்க!"

சேத்துப் புடிக்க அந்தக் கையிங்களுக்கு வரல. யாகப்பன்தான் சக்கரத்து மேல காலு வச்சி ஏறி, ரெண்டு பேரையும் தள்ளிவிட்டு, ரெண்டு கழியையும் ஒண்ணாச் சேத்துத் தோள்ல முட்டுக் குடுத்தான். அவனுக்குப் பின்னால எங்க ஆளுங்க மூணு பேரு மூணு மூலைக்கும் ஏறினாங்க. யாரு கழி யாருதுன்னு எவனும் பாக்கல.

கரண்ட் கம்பி தூக்கற நாலு கழி தேருக்குப் பக்கத்துலயே இருந்துச்சி. எங்க பசங்க கையில. "அதைக் குடுங்க"ன்னேன். ஒண்ணொண்ணா வாங்கி மேல நீட்டினேன். "மூலைக்கு மூலை அடியில போட்டுக் கட்டு. சதுரமா வரணும். ஒவ்வொரு மூலையிலயும் சாய்வுக் கழியையும் அடிக்கழி ரெண்டையும் சேத்து ஒரே கட்டாக் கட்டு."

"காலனிக் கழி"ன்னு நாட்டாமை வாயைத் தொறந்தாரு.

"பேசாதீங்க!"ன்னு கத்தினேன். ஊரே கேட்டுச்சி. நாட்டாமையை அப்படி யாரும் அதட்டினது கெடையாது, அதுவும் ஒரு பொம்பளை, அதுவும் நான்.

கட்டி முடிச்சாங்க. யாகப்பன் தோளை மெதுவா எடுத்தான். கூம்பு ஒரு வாட்டி முனகிச்சி, அப்புறம் அசையாம நின்னுச்சி. அவன் சட்டத்தைப் புடிச்சி ஆட்டிப் பாத்தான். மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே சாமானா ஆடிச்சி, ஒண்ணும் பிரியல. நான் அங்கயே ரோட்டுல உக்காந்துட்டேன்.

"சரி சரி, நேரமாச்சு. கடைத்தெருப் பக்கம் திருப்புங்க"ன்னாரு நாட்டாமை.

யாரும் வடத்தைத் தொடல. யாகப்பன் கீழ எறங்கி வந்து வேட்டியை மடிச்சிக் கட்டிக்கிட்டுச் சொன்னான்: "கடைத்தெரு பூரா கரண்ட் கம்பி. தூக்கற கழி நாலும் மேல இருக்குது. எதால தூக்கறது?"

"வேற கழி கொண்டாங்கடா."

"கொண்டாங்க. யாரு தூக்குவாங்க?"

பேண்டுக்காரங்க கூட ஊதறதை நிறுத்திட்டாங்க. நாட்டாமை நாலு தெரு ஆளுங்களைப் பாத்தாரு. அவங்க தரையைப் பாத்தாங்க. கம்பி தூக்கற வேலை அவங்க பண்ணதே இல்லியே.

கரண்ட் கம்பி இல்லாம, திரும்பக் கோயிலுக்குப் போற தெரு செஞ்சியில அந்தப் பக்கத்துல ஒண்ணே ஒண்ணுதான். எங்க காலனி. அங்க கரண்டே இன்னும் வரல. மாதா தேரும் வந்தது கெடையாது. அத்தினி பேருக்கும் அது அந்த நிமிசம் தெரிஞ்சிது, சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரல.

நான் எழுந்தேன். "எங்க தெரு வழியாப் போவட்டும்."

"அது வழக்கம் இல்ல"ன்னாரு நாட்டாமை. குரல்ல பழைய தெம்பு இல்ல.

"அப்ப மாதா இங்கயே ஏரிக்கரையில நிக்கட்டும். நாங்க வூட்டுக்குப் போறோம்."

சாமியாரு என்னைப் பாத்தாரு, நாட்டாமையைப் பாத்தாரு. ஜெபமாலையைக் கையில சுத்திக்கிட்டு காலனிப் பக்கம் நடக்க ஆரம்பிச்சாரு. யாகப்பன் வடத்தை எடுத்தான்.

தெருமுனையில நாலு தெரு ஜனங்க பாதிப் பேரு நின்னுட்டாங்க. பேண்டுக்காரங்களும் உள்ள வரல. நாட்டாமை வேட்டியை உதறிக்கிட்டுத் திரும்பிப் போனாரு. எங்க ஜனங்கதான் பாட்டைத் தாங்களே பாடிக்கிட்டு இழுத்தாங்க. எங்க தெருவுல ராத்திரின்னா சிம்னி விளக்குத்தான். அந்தச் செவப்பும் பச்சையும் மஞ்சளும் ஊதாவும் வூட்டுச் சொவத்துல, கூரையில, வாசல்ல நின்ன புள்ளைங்க மூஞ்சியில எல்லாம் பட்டு நகந்துச்சி. பொம்பளைங்க அழுதாங்க. குத்துக்கல்லு மாதிரி நின்ன ஆம்பளைங்களும் அழுதாங்க.

எனக்கு அழ நேரம் இல்ல. தேருக்கு அடியிலயே நடந்துக்கிட்டு மேல பாத்தேன். வெந்துபோன உள்ளங்கையை மேல் துண்டால சுத்திக்கிட்டு, முழங்கையால விளக்கோட எண்ணெய் டாங்கை அணைச்சிப் புடிச்சி, இன்னொரு கையால காத்து அடிச்சிக்கிட்டு இருந்தாரு. ஒவ்வொரு அடிக்கும் மூஞ்சி சுளிக்குது.

"யோவ், போதும் எறங்குய்யா"ன்னு கத்தினேன். "தோலு உரிஞ்சி தொங்குதுய்யா! விளக்கு அணைஞ்சா அணையட்டும், ஆஸ்பத்திரிக்குப் போவலாம் வா."

அவரு காத்து அடிக்கிறதை நிறுத்தாமயே குனிஞ்சி என்னைப் பாத்தாரு.

"சும்மா வாடி. இன்னும் ரெண்டு வூடு இருக்குது."